ஆணியில் மாட்டிய உத்தரியம்

என் மனைவிக்கு அக்கி வந்து கொப்புளங்கள் காய்ந்து பதினொரு மாதங்கள் ஆகியும் வலி போகவில்லை. இடது விலாவிலிருந்து முதுகுவரை ஒரு சாண் அகலத்துக்குத் துணி பட்டாலே எரிகிறது என்பாள். பெரம்பலூரில் ஒரு மருத்துவமனைக்குப் பதினான்கு முறை போய்வந்தோம். நரம்பு வலி, வயதானவர்களில் சிலருக்கு இப்படி நீடிக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் அவள் முனகும் தடவைகளைக் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு நாளில் அதிகம் நாற்பத்தொன்று, குறைவு ஒன்பது. ஒன்பது வந்த நாளில் நான் மதியம் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீடு ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்பை ஒட்டியது. அந்தச் சமயத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்ட ஆள் விட்டிருந்தோம். நாலடி ஆழத்தில் ஒரு மண் கலயம் வந்தது. வாயைத் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம், கொஞ்சம் தலைமுடி, துருப்பிடித்த ஊசிகள். எண்ணினேன். ஏழு. வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டார்.

என் மனைவியின் தம்பி பக்கத்தில் நின்றான். "மாமா, இது செய்வினை. அக்காவுக்கு ஏன் நோவு போவலன்னு இப்பத் தெரிஞ்சிபோச்சு" என்றான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். எரிகிறதை எரித்தோம், மிச்சத்தைத் தோப்புக்கு வெளியே புதைத்தோம். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். எனக்கு முடியவில்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது வருடம். அதற்குள் இரண்டு மாடு செத்தன, என் கண் ஆபரேஷன் கெட்டுப்போனது, பிறகு இந்த அக்கி. எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை அந்தக் கலயத்தில் போய் நின்றது. ஞாயிறு பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பும்போதும் ஊசிகளைத்தான் எண்ணினேன்.

மீன்சுருட்டிப் பக்கம் ஒருவர் இதையெல்லாம் எடுத்துவிடுவார் என்று மச்சினன் சொன்னான். சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று அவனோடு போனேன். உண்மையில் எனக்கு அவர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசை. உடுக்கை, திருநீற்றுக் குவியல் என்று எதையெதையோ எதிர்பார்த்தேன். கட்டம் போட்ட கைலியும் பனியனுமாக ஒருவர் செல்போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏழு ஊசிங்களா சார்?" என்றார்.

வெளியே வந்ததும் மச்சினனை மடக்கினேன்.

"நீ சொன்னியா மாப்ள?"

"மாதா மேல சத்தியமா சொல்லல மாமா."

இன்றுவரை அவர் எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "கழுத்துல போட்டிருக்கறத வூட்டுலயே வச்சிட்டு அம்மாவ அழைச்சிட்டு வாங்க சார். அது இருந்தா இது வராது."

அவர் சொன்னது உத்தரியத்தை. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு கம்பளித் துண்டுகள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் கயிற்றில் தொங்கும். மாதாவின் அடைக்கலத்தில் இருப்பதற்கு அடையாளம். என் மனைவி சிறுமியாக முதன்முதலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து போட்டிருக்கிறாள். நைந்தால் மாற்றுவாள், அவ்வளவுதான்.

"அது இருந்தா இது ஏன் வராது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "அதெல்லாம் கேக்கக் கூடாதுங்க சார்."

இவ்வளவு பலமுள்ள ஒன்று இரண்டு கம்பளித் துண்டுகளுக்கு ஏன் ஒதுங்க வேண்டும்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே புரட்டிக்கொண்டு வந்தேன். விடை கையிலேயே இருந்தது. எனக்கு அப்போது அது கண்ணில் படவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "குளிக்கறப்ப கழட்டுவேன். வேற எதுக்கும் கழட்ட மாட்டேன்" என்றாள்.

அந்த வார்த்தையிலிருந்துதான் நான் என் தப்பான கணக்கைப் போட்டேன். அவளாகக் கழற்றினால்தானே அவளுக்குப் பாவம்? குளிக்கும்போது குளியலறைக்கு வெளியே ஆணியில் மாட்டுவாள். அங்கிருந்து நான் எடுத்துவிட்டால் பாவம் என் பேரில் விழும், பலன் அவளுக்குக் கிடைக்கும். செவ்வாய்க்கிழமை காலை அப்படியே எடுத்து, வீட்டில் வைத்தால் தேடி எடுத்துவிடுவாள், போகிற இடத்தில் மச்சினனிடம் கொடுத்துவைக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரம்பலூர் மருத்துவமனைக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அவள் குளித்து வந்து ஆணியைத் தடவினாள். தரையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கேட்டிருந்தால் பொய் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினேன். அது மீன்சுருட்டி வழியாகப் போகும். மீன்சுருட்டியில் மச்சினன் காத்திருந்தான். அவள் பலகையைப் படித்தாள்.

"ஏங்க, பெரம்பலூரு மேற்கால இருக்கு."

என் கை சட்டைப் பைக்குப் போனது.

"பையில இருக்கறத குடுங்க."

"எந்தப் பையில?"

"சட்டப் பையில. வூட்டுலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள எட்டு தடவ தொட்டுப் பாத்துட்டீங்க."

எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவள் தலைவழியாகப் போட்டுக்கொண்டாள். பின்பக்கத் துண்டு வலிக்கிற இடத்தில் உரசியிருக்க வேண்டும், கண்ணை இறுக மூடினாள். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ் கிளம்பிப் போனது.

"ஒனக்காகத்தான்" என்றேன்.

"தெரியும். அதான் எட்டு வரைக்கும் பொறுத்தேன்."

"ஒனக்குப் பயமே இல்லியா?"

"யாரு சொன்னா? அந்தக் கலயத்த பாத்த நாளுலேர்ந்து பயந்தான். ஜெபமாலை சொல்றப்ப காதுக்குள்ள ஒண்ணு வந்து, நீ சொல்றது யாருக்கும் கேக்கல, யாருக்கும் கேக்கலங்குது. நோவக்கூடத் தாங்கிடுவேன். அது பெரிய ரோதன."

இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. என் நோட்டில் அதற்கு ஒரு பத்தியும் இல்லை. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. "அப்ப என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது. ஜெபமாலையில அடுத்த மணிக்குப் போயிடுவேன்."

"அது மறுபடி சொன்னா?"

"அதுக்கும் அடுத்த மணிக்கு. அம்பத்து மூணு மணி இருக்குல்ல. அதுக்கு அலுத்துப்போவும், எனக்கு அலுக்காது."

போன் அடித்தது. மச்சினன். அவள் என் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி, நாங்க வேற பஸ்ஸு ஏறப்போறோம். நீ வூட்டுக்குப் போ. போறப்ப ஒரு ஜெபமாலை சொல்லிக்கிட்டே போ." வைத்துவிட்டு எழுந்தாள். "பெரம்பலூருன்னுதான கெளப்புனீங்க? பெரம்பலூரே போவம். மாத்திரையும் தீந்துபோச்சு."

அது பதினைந்தாவது முறை. டாக்டர் பழைய மாத்திரையையே எழுதினார், ஒன்றைக் கூட்டினார். அரியலூர் தாண்டித் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வலி இன்றும் இருக்கிறது. நோட்டை நான் நிறுத்திவிட்டேன். மாலையில் அவளோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறேன். ஏழு ஊசியை எப்படிச் சொன்னார் என்ற கேள்வி எனக்கும் நடுவில் வரும். அப்போது அடுத்த மணிக்குப் போகப் பழகுகிறேன். சில நாள் முடிகிறது.

பெரம்பலூர் போய்வந்த மறுநாள் காலை அவள் குளிக்கப் போனாள். உத்தரியம் அதே ஆணியில் தொங்கியது, நான் கை நீட்டினால் எட்டும் உயரத்தில். உள்ளே மாட்டியிருக்கலாம், அல்லது ஒளித்து வைத்திருக்கலாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"ஏன் திரும்ப இங்கயே மாட்டுன?"

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"வேற ஆணி இல்லியே" என்றாள்.