எஃப் பிளாக்கைக் காலி செய்த நாள்

கண்ணாடி உடைந்துவிட்டது என்று மேஸ்திரி வந்து சொன்னபோது காலை ஒன்பது மணி இருக்கும். நான்கு நாளாக மழை விடவில்லை.

சுவரில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமெண்ட் வைத்து ஒட்டிவிடுவோம். கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழையது. உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். எஃப் பிளாக் படிக்கட்டுச் சுவரில் நான் ஒட்டிய மூன்றுமே உடைந்திருந்தன.

அது எழுபதுகளின் கடைசி. ஹைதராபாத்தின் ஓரத்தில் ஒரு பொதுத்துறை தொழிற்சாலையின் டவுன்ஷிப்பில் நான் சிவில் மெயின்டனன்ஸ் ஜூனியர் இன்ஜினியர். ஆள் எடுத்த வேகத்துக்கு குவார்ட்டர்ஸ் கட்டவில்லை. எட்டு வருடமாக வெயிட்டிங் லிஸ்டில் இருந்தவர்கள் உண்டு. தொழிற்சாலை வந்ததாலேயே சுற்று வட்டாரத்தில் வாடகை ஏறிப்போயிருந்தது. ஒரு ஹெல்பரின் சம்பளத்துக்கு வெளியே ஒற்றை அறைகூடக் கிடைக்காது.

எஃப் பிளாக்கில் எட்டு வீடுகள். எல்லோரையும் கீழே வரச் சொன்னேன். வந்தார்கள். ஆனால் ஒரு பெட்டிகூட இறங்கவில்லை. ஆண்கள் பலர் ஷிஃப்டில் இருந்தார்கள். மாடி வீட்டு சரோஜா முன்னால் வந்து நின்றார். வேலூர்ப் பக்கத்துக்காரர், ஃபிட்டரின் மனைவி.

"கம்யூனிட்டி ஹாலைத் திறந்தாச்சும்மா. சாமானை எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க" என்றேன்.

"போன வருஷம் சி பிளாக்கையும் ரிப்பேர்னு சொல்லித்தான் காலி பண்ண வெச்சீங்க. இப்ப அங்க யாரு சார் இருக்காங்க? ஆபீசருங்க. அந்த ஆறு குடும்பமும் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சி பிளாக்குக்கு வெள்ளையடித்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்திருந்தது.

கீழ் வீட்டு காதர் பாய் கையை ஆட்டினார். "நக்கோ சாப், வேணாம். சாவியக் குடுத்தா வீடு போச்சு."

வீடு ஒதுக்கும் எஸ்டேட் ஆபீசரிடம் ஓடினேன். மாற்று வீடு தருவதாக ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டேன். அவர் தலை நிமிராமல் தெலுங்கில் சொன்னார்: "காலி வீடு ஒண்ணுகூட இல்ல. எதை வெச்சு எழுதறது? செக்யூரிட்டியக் கூட்டிட்டுப் போய் இறக்குங்க."

செக்யூரிட்டியைப் பார்த்தால் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். அந்தப் படிக்கட்டில் தள்ளுமுள்ளு நடந்தால் சுவர் அப்போதே விழுந்துவிடலாம். தனியாகத் திரும்பிப் போனேன். காலையில் நகம் நுழைந்த விரிசலில் இப்போது விரலே நுழைந்தது.

மேஸ்திரியின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். 'கட்டடம் பாதுகாப்பாக இல்லாததால் எட்டுக் குடும்பங்களும் வெளியேற்றப்படுகின்றன. மாற்று வீடு கிடைக்கும் வரை இவர்களின் அலாட்மென்ட் ரத்தாகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, செக்ஷன் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினேன். அப்படி எழுத எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"இது செல்லுமா சார்?" என்று கேட்டார் சரோஜா.

"என் கையெழுத்தும்மா. செல்லலேன்னா என்னை வந்து கேளுங்க."

 அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் திரும்பினார். "லட்சுமி, அடுப்ப அணைச்சிட்டு வாடி. எல்லாரும் இறக்குங்க."

இரண்டு மணிக்குக் கடைசிக் கட்டில் இறங்கியது. மறுநாள் முற்பகலில் படிக்கட்டுச் சுவர் சரிந்து, மேல்தளத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. சரோஜாவின் சமையலறை காதர் பாய் வீட்டுக்குள் கிடந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

பாராட்டுவார்கள் என்று நினைத்தேன். விளக்கம் கேட்டு மெமோதான் வந்தது. "கட்டடமே இல்ல, அலாட்மென்ட் எப்படி இருக்கும்? எட்டுப் பேரும் புதுசா அப்ளை பண்ணட்டும். அதிகாரம் இல்லாம எழுதிட்டேன்னு நீங்க ஒரு லெட்டர் குடுங்க, முடிஞ்சுது" என்றார் எஸ்டேட் ஆபீசர். அவர் சொன்னதில் பொய் இல்லை. நானும் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன்; வேலை போனால் வீடும் போகும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள், எழுதியதைத் திரும்பப் பெற முடியாது என்று பதில் கொடுத்தேன்.

விசாரணைக்கு சரோஜாவையும் கூப்பிட்டார்கள். மூலக் கடிதத்தைக் கேட்டபோது, மேஜைக்கு இந்தப் பக்கமே நின்று இரண்டு கையாலும் விரித்துக் காட்டினார். "படிச்சுக்கோங்க சார். கையில குடுக்க மாட்டேன்."

ஹாலில் புடவைகளைத் தடுப்பாகக் கட்டி ஐந்து மாதம் இருந்தார்கள். பிறகு காலியான வீடுகள் ஒவ்வொன்றாக அவர்களுக்கே போயின. எனக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றது.

இதோடு முடித்தால் என்னைப் பற்றி நல்லவிதமாகத் தோன்றும். வெயிட்டிங் லிஸ்டில் அடுத்ததாக இருந்தவர் கிரேன் ஆபரேட்டர் பாலய்யா. ஒருநாள் கேட் அருகே சைக்கிளை நிறுத்தினார். "அவங்க பொழச்சது சந்தோஷம்தான் சார். ஆனா என் முறை வந்திருந்துச்சு" என்றார். பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு வீடு கிடைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். அப்படி ஒரு தாள் எழுத நேர்ந்தால் எழுதுங்கள். நானும் திரும்ப எழுதுவேன். ஆனால் அதே நாளில் லிஸ்டில் அடுத்த பெயர் யாருடையது என்று பார்த்து, அவர் வீட்டுக்கு நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நான் போகவில்லை.