பல்லு மாமாவும் ஏறி இறங்கிய தண்ணீரும்

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாகச் செயற்கைப் பல் செய்துவந்தவரை அங்கே வரும் பிள்ளைகள் ‘பல்லு மாமா’ என்றார்கள். நாளடைவில் டாக்டரம்மாவைத் தவிர எல்லோருக்குமே அதுவே பேராகிவிட்டது. அதிர்ந்து பேசாத மனிதர். எதிரே யாராவது சிரித்தால் அவர் கண் முதலில் பல்லின் நிறத்துக்குத்தான் போகும். அதனாலேயே பலர் அவரிடம் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பல் பிடுங்க வருகிறவர்களுக்குக் கொஞ்சம் பயம் தெளியட்டுமே என்று டாக்டரம்மா முன்னறையில் ஒரு மீன் தொட்டி வைத்தார். அகலத் துடுப்போடு ஆறு ஏஞ்சல் மீன்கள். ஒரே வாரத்தில் ஆறும் துடுப்பைச் சுருக்கி மூலையில் ஒடுங்கிவிட்டன. பயந்தவர்கள் அதைப் பார்த்து இன்னும் பயந்தார்கள்.

“அண்ணா, மீன் கடைக்காரர் வந்து தண்ணியச் சோதிச்சாரு. பி.எச். எட்டுக்கு மேல இருக்காம். இந்த மீனுக்கு லேசா அமிலம் கலந்த தண்ணிதான் ஒத்துக்குமாம். இந்த மருந்த ஊத்தினா இறங்கிடும்னாரு. நிறத்தத் துல்லியமா பாக்குற ஆளு நீங்கதான். பாத்துக்கறீங்களா?” என்றார் டாக்டரம்மா.

பல்லு மாமா தலையாட்டினார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, சோதனைச் சொட்டு விட்டு, நிற அட்டையோடு ஒத்துப் பார்த்தார். நல்ல நீலம், அதாவது எட்டுக்கு மேல். மருந்தை ஊற்றிச் சோதித்தபோது பச்சையைத் தாண்டி அமிலத்துக்கான மஞ்சள் காட்டியது. மனிதருக்கு ஏக திருப்தி. மறுநாள் காலை வந்து பார்த்தால் பழையபடி நீலம். மறுபடி ஊற்றினார், மறுபடி ஏறியது. நான்காம் நாள் ஒரு கை பார்த்துவிடுவது என்று இரண்டு மூடி கூடுதலாக ஊற்றினார். அடுத்த நாள் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன.

அன்றைக்கு வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தவர் சோற்றில் கையை வைக்கவில்லை.

“ரெண்டு உசிரு என் கையால போச்சு” என்றார் மனைவியிடம்.

“தெரிஞ்சா செஞ்சீங்க? மிச்சம் நாலு இருக்குல்ல, அதுங்களப் பாருங்க. முதல்ல சாப்பிடுங்க.”

மறுநாள் நர்ஸ் கருவிகளைக் கொதிக்கவைக்கும் மெஷினில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து மெஷின் கெட்டுவிடும். வருடக்கணக்காக அவர் பார்த்து வருவதுதான். மீன் தொட்டியில் இருப்பதும் அதே குழாய்த் தண்ணீர்தானே என்று அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது. நேராகப் போய் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

“ஆமா சார், அந்தச் சுண்ணாம்பு இருக்கற வரைக்கும் நீங்க எவ்வளவு ஊத்தினாலும் பழைய இடத்துக்கே ஏறி வந்துடும்.”

“இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே சார்.”

அன்றிலிருந்து மருந்துக்கு முழுக்குப் போட்டார். தினமும் தொட்டியிலிருந்து ஒரு ஜாடி தண்ணீர் எடுப்பார், ஒரு ஜாடி வடித்த தண்ணீர் விடுவார். அவ்வளவுதான். கூடவே மீன் கடையிலிருந்து, தண்ணீரில் லேசாக அமிலம் கசியவிடும் ஒரு மரக்கட்டையை வாங்கி, கொதிக்கவைத்து உள்ளே போட்டார். தண்ணீர் மெதுவாகப் பால் விடாத டீ நிறத்துக்கு வந்தது.

“தொட்டியே கழுவாதவங்க, வாயில விடுற கருவியக் கழுவுவாங்களா?” என்று முன்னறையில் காத்திருந்த ஒரு அம்மாள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அண்ணா, பேசாம தண்ணிய மாத்திடலாமா?”

“வேணாம் டாக்டர்” என்றார் அவர். அவர் ‘வேணாம்’ என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. “கறையா இருந்தா நான் விட்டுவைப்பேனா? இது மரத்தோட சாறு. மூணு வாரம் பொறுங்க.”

மூன்றாவது வாரம் பி.எச். ஏழுக்குக் கீழே வந்து நின்றது. ஏறவில்லை. நாலு மீன்களும் துடுப்பை விரித்துக்கொண்டு நடுத்தொட்டிக்கு வந்தன. அடுத்த திங்கட்கிழமை அதில் ஒரு ஜோடி, தொட்டியின் வடிகட்டிக் குழாயைக் காலையெல்லாம் வாயால் துடைத்துவிட்டு, வரிசையாக முட்டை வைக்க ஆரம்பித்தது. நர்ஸ் காத்திருந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் யாரும் அசையவில்லை.

“இருங்கம்மா, இந்த வரிசைய முடிச்சிடட்டும்” என்றார் தாடை வீங்கிய ஒருவர்.

ஆள் வராததைப் பார்த்து டாக்டரம்மாவே வெளியே வந்தார். பல்லு மாமா கை நிறைய பல் அச்சு வார்க்கும் மாவோடு பின்னறையிலிருந்து வந்து, கூட்டத்துக்குப் பின்னால் எக்கி நின்று பார்த்தார். கண் கலங்கியது. கையில் மாவு இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

முட்டைகளில் பாதி வெளுத்துப்போயின, பெற்றவையே கொஞ்சத்தைத் தின்றன. ஒன்பது குஞ்சுகள் தங்கின. அந்த வருடம் டாக்டரம்மா ஊருக்குப் போய் ஆஸ்பத்திரி பத்து நாள் பூட்டியிருந்தபோது, பல்லு மாமா சாவியை வாங்கிக்கொண்டு தினமும் ஜாடியோடு வந்தார். இரண்டாம் நாளிலிருந்து மனைவியும் கூட வந்தாள். அவர் தண்ணீர் மாற்றும்வரை நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பதும் இருக்கிறதா என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.