அக்கா சுமந்த டப்பாக்கள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் பாதிப் பேர் அவரைத் தேயிலை ஆராய்ச்சி செய்தவர் என்றே நினைத்திருப்பீர்கள். அப்படிச் சொல்லி வைத்தவன் அவருடைய தம்பியாகிய நான்தான். அது பொய். பணி ஓய்வு வரை அக்கா ஆராய்ந்தது மனிதர் குடலில் வாழும் கொக்கிப்புழுவை.

அக்கா நீலகிரியில் உள்ள அரவேணுவில் பிறந்தவர். அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து எடை போடும் வேலை. அம்மா சீக்கிரமே தவறிவிட, என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அக்கா தன் பள்ளிக்கு ஓடுவார். கோவையில் விலங்கியல் படித்து, குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். எஸ்டேட் பெண்கள் ஏன் இப்படி வெளுத்துப்போய் மூச்சு வாங்குகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பவர்களின் தோல் வழியே நுழையும் இந்தப் புழு, குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது.

"கெட்டிக்காரப் புழு தம்பி. எடம் குடுத்தவங்களைச் சட்டுனு சாகடிக்காது, நிமிரவும் விடாது" என்பார், சாப்பிடும்போதே. நான் தட்டோடு எழுந்து போய்விடுவேன்.

எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில்தான் அந்தத் தேயிலைப் பொய்யைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா மறுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "தேயிலைப் புழுன்னாவது சொல்லியிருக்கலாம், பாதியாச்சும் நெசமா இருந்திருக்கும்" என்றார். அதோடு சரி.

அவருடைய முதல் பெரிய கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. ஓர் எஸ்டேட்டின் பெண்களிடம் புழு அதிகமில்லை, அவர்களுடைய சோகைக்குக் காரணம் வேறு என்பது அதன் முடிவு. சோதனைக்கு மலம் வாங்கிப் பத்திரப்படுத்திய டப்பாக்களை மறுபடி பார்த்தபோது, ஐந்து வீட்டு மலத்திலும் ஒரே மாதிரி கொய்யா விதைகள். உடனே எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போய், கொழுந்து பறிக்கும் ராசம்மாவிடம் விசாரித்தார்.

"டப்பா வாங்க ஆம்பளைய அனுப்புனீங்க. பொம்பளைங்க அத எப்படிங்க அவரு கையில குடுக்கறது? எம் பையனோடதையே எல்லா டப்பாவுலயும் போட்டுட்டோமுங்க."

அந்தப் பையன் செருப்புப் போட்டுப் பள்ளிக்குப் போகிறவன். அவனிடம் புழு எப்படி இருக்கும்?

"அச்சாகட்டும், யாருக்குத் தெரியப்போகுது" என்றார் மேலதிகாரி. "அந்தப் பொம்பளைங்களுக்குத் தெரியுமுங்க சார்" என்று சொல்லிவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்றார் அக்கா. டாக்டர் பட்டம் சில ஆண்டுகள் தள்ளிப்போனது. அதன்பிறகு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் நேரத்துக்கு முன்பே அவரே பையோடு லைனுக்குப் போனார். தன்னுடையதைப் போட்டுப் பெயர் எழுதிய டப்பாவை முதலில் எடுத்துக் காட்டுவார். பெண்கள் சிரித்துவிட்டுத் தங்களுடையதைக் கொடுத்தார்கள். புழு இருப்பது தெரிந்தது. லைனுக்கு மருந்தும் கக்கூசும் வந்தன.

கடைசி இரண்டு மாதம் அக்கா படுக்கையில் இருந்தார். இரவு பகல் பாராமல் வந்து பார்த்த மருத்துவருக்கும், கார் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டாருக்கும், சாப்பாடு அனுப்பிய கோத்தகிரி சித்திக்கும் எங்கள் நன்றி. நர்ஸாக இருக்கும் ராசம்மாவின் மகள் செல்விக்கு நன்றி என்ற சொல் போதாது. படுக்கையில் மலம் கழிக்க அக்கா கூசி அழுதபோது செல்வி சொன்னார்: "எங்கம்மா டப்பாவ எத்தனை நாள் தூக்கியிருக்கீங்க டாக்டரம்மா. இது எனக்குப் பெரிசா?"

நான் அப்போது வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அக்காவின் மலப் பாத்திரத்தை நானே எடுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கைப் பொத்திக்க தம்பி" என்றார்.

நான் பொத்திக்கொள்ளவில்லை.