குங்குமத்துக்குள் மறைந்த குமிழ்

தல்லாகுளத்தில் ஒரு லேபில் பத்தொன்பது வருடமாக ரத்தம் பார்த்தவர் துளசிராம். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு ஊசி பிடிக்கிறாரே என்று சொந்தக்காரர்கள் நக்கலடிப்பார்கள். அவர் அசரமாட்டார். "இதுவும் பிசிக்ஸ்தான்யா" என்பார்.

உடம்புக்குள் அழற்சி இருந்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனத்துப்போகும். குழாயில் நிறுத்தினால் வேகமாக அடியில் இறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் இ.எஸ்.ஆர். குழாய் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் அணுக்கள் சறுக்கிச் சீக்கிரம் இறங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே இதுதான்.

முருகம்மாள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பூக் கட்டி விற்பவள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தாக்குகிற முடக்குவாதம் அவளுக்கு. விரல் மடங்காவிட்டால் பிழைப்பு இல்லை. மாதம் ஒரு முறை வருவாள். டாக்டரிடம் வாய் திறக்கமாட்டாள், "எம்புட்டுண்ணே இருக்கு?" என்று இவரைத்தான் கேட்பாள். 1997 ஐப்பசியிலிருந்து அவளுடைய இ.எஸ்.ஆர். அறுபத்தெட்டு, எழுபது, எழுபத்திரண்டு என்று ஏறியது. டாக்டரும் ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டினார். அவள் முகம் ஊதியது. பங்குனியில் அந்த மாத்திரையாலேயே சர்க்கரையும் வந்து சேர்ந்தது.

வைகாசியில் லேபுக்குக் குழாய்களை நிறுத்தும் புது ஸ்டாண்டு வந்தது. சரிபார்ப்பதற்காக முருகம்மாளின் ரத்தத்தையே பழையதிலும் புதியதிலும் நிறுத்தினார். பழையது எழுபத்தொன்று. புதியது நாற்பத்தாறு.

துளசிராம் குனிந்து பார்த்தார். பழைய ஸ்டாண்டின் அடியில் மட்டம் காட்டும் சின்னக் கண்ணாடி உண்டு. அதன் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தவர் அவரேதான். சாமிக்கு வைத்ததைத் துடைக்க யாருக்கு மனசு வரும்? நகத்தால் சுரண்டினார். உள்ளே, நடுவில் நிற்க வேண்டிய காற்றுக் குமிழ் ஓரத்தில் ஒட்டியிருந்தது. கழுவும்போது கால் திருகு தளர்ந்து ஸ்டாண்டு சாய்ந்திருக்கிறது. பாடம் சொன்ன மனிதர் எட்டு மாதம் குனிந்து பார்க்கவில்லை. எத்தனை பேர் ரத்தம் இதில் நின்றதோ, நினைக்கவே கூசியது.

டாக்டருக்கு போன் போட்டார். "அவகிட்டச் சொல்லித் தொலைக்காதீரும். மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சிருவோம். மத்தவங்க சீட்டையெல்லாம் எடுத்து வையும், பாப்போம்" என்றார் டாக்டர்.

சாயங்காலம் முருகம்மாள் வந்தாள். நாற்பத்தாறு என்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

"மாத்திரை கேட்டுருச்சுண்ணே! டாக்டரு கைராசிக்காரருதேன்."

இத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"முருகம்மா, போன மாசமும் இம்புட்டுத்தான் இருந்திருக்கும். ஸ்டாண்டு சாஞ்சு நின்னுருக்கு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன். கூட்டிக் காட்டி, உனக்கு மாத்திரையையும் கூட்ட வச்சுட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அப்ப இந்தச் சக்கரை போயிருமாண்ணே?" என்று கேட்டாள், எப்போதும் போல அவரையே நம்பி.