பார்க்காமல் சாவு சொல்லாதே

செவ்வாய்க்கிழமை காலை மேலாளர் கணினி அறைக்குள் வந்து, "நம்ம யூசுப் போயிட்டாராம்மா. மஞ்சள் காமாலை. தங்கமான மனுஷன்," என்றார். அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. 'தங்கமான மனுஷன்' என்ற இந்தச் சொல் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?

அம்பத்தூரில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்த ஆயுதபூஜை மறந்திருக்காது. எல்லா இயந்திரங்களையும் அணைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தோம். பொரிப் பொட்டலம் கட்டியவர், கணினிகளைக் கவனித்துவந்த யூசுப். மறுநாள் நல்ல நேரம் பார்த்து மேலாளர் தம் கையாலேயே கணினியைப் போட்டார். டிஸ்குகள் இருந்த தனிப் பெட்டியின் ஸ்விட்சை அதற்குப் பிறகுதான் போட்டார். திரை முழுக்கப் பிழைச் செய்திகள். ஆர்டர்கள், வரைபடங்கள், கையிருப்புக் கணக்கு எதுவும் இல்லை.

"டிஸ்க் செத்துடுச்சு. அழிச்சிட்டு முதல்லேருந்து ஏத்துங்க," என்றவர், யூசுப்பைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி, "கும்பிடாதவன் கை பட்டா இப்படித்தான்," என்றார்.

யூசுப் விசைப்பலகையின் மேல் இரு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். "பாக்காம சாவு சொல்லாதீங்க சார். உசுரு கீதா இல்லியான்னு மொதல்ல பாக்கலாம். அழிச்சிட்டா அப்பால யாராலயும் எழுப்ப முடியாது."

பார்த்தார். மூன்று டிஸ்குகளைச் சேர்த்து ஒரே தொகுதியாகக் கட்டியிருந்தோம். கணினி எழுந்தபோது பெட்டியில் மின்சாரமே இல்லை. டிஸ்குகளைக் காணாமல், தொகுதியை எழுப்பாமலே விட்டுவிட்டது. யூசுப் டிஸ்குகளை மறுபடி தேட வைத்தார். மூன்றும் தெரிந்தன. தொகுதியை எழுப்பும் கட்டளையைத் தட்டினார். எல்லாம் அப்படியே இருந்தது.

"இன்னா மேடம், தூங்கினு இருந்ததுக்குப் பாடை கட்டிட்டாங்களே!" என்று சிரித்தார்.

"உங்களைச் சொன்னதுக்கு?" என்றேன்.

"அத்த எந்தக் கமாண்டு குடுத்து அழிக்கிறது?"

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. "சாமி காப்பாத்திடுச்சு," என்று தேங்காய் உடைத்தார். இரங்கல் கூட்டத்தில் அவர்தான் பேசப்போகிறாராம். பேசட்டும். அன்று சொன்னதையும் சேர்த்துப் பேசட்டும்.

இனி எந்தப் பூஜைக்குப் பிறகும் பெட்டியின் ஸ்விட்சை முதலில் போடுபவள் நானாக இருப்பேன். ஒன்று செத்துவிட்டது என்றாலும், ஒருவர்மேல் பழி என்றாலும், "பார்த்தீர்களா?" என்று கேட்பேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். யூசுப் போய்விட்டார் என்பதையும் பூந்தமல்லிக்குப் போய், அவர் வீட்டில் பார்த்த பிறகுதான் நம்பினேன்.