வாசலில் இறங்கிய பச்சை ஓலை

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு வடக்குப்பட்டு வீட்டு வாசலில் ஒரு தீவை உண்டாக்கித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். கைப்பேசியில் அவள் காட்டிய கடல்தீவு விருந்துப் படத்தில் ஓலைக் குடிசை, கழுத்தில் பூமாலை, இடுப்பை வளைத்துக் கம்புக்கு அடியில் நுழையும் பிள்ளைகள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்கள் கொள்முதல் செய்கிறவன் நான். எந்த மூலையிலிருந்தும் எதையும் வரவழைக்கத் தெரிந்தவன் என்கிற திமிர் உண்டு.

ஞாயிறு காலை குட்டியானை வண்டியில் பச்சை மூங்கிலும் பச்சைத் தென்னை ஓலை மட்டையும் வந்து இறங்கின. பின்னாலேயே ஷாமியானாவும் நாற்காலிகளும். மட்டை கொண்டுவந்தவர் டீகூட வேண்டாமென்று தலை குனிந்தபடி போனார். என் தோரணைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். எந்தெந்த நாட்டுச் சாவுச் சடங்குகளைப் பற்றியெல்லாமோ படித்து வைத்திருக்கிறேன். பச்சை மூங்கிலும் பச்சை ஓலையும் ஒரு வாசலில் இறங்கினால் பாடை கட்டப்போகிறார்கள் என்றுதான் எங்கள் தெரு நினைக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை.

அதுவும், நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து போன வாரம்தான் வீடு திரும்பிய மாமனார் உள்ளே படுத்திருக்கும்போது. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். வீடும் அவர் கட்டியதுதான். அவர் மனதைப் பாதிக்கும்படி எதுவும் நடக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை மனைவி தினமும் எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

வாசலில் மூங்கிலை நட்டு மட்டைகளைச் சாத்திக் குடிசை எழுப்பியாயிற்று. பிள்ளைகள் கொட்டாங்குச்சிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தார். கையில் ரோஜா மாலை. செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துகூட ஜன்னலாண்ட உக்காந்துகினு இருந்தாரே சார். எப்போ ஆச்சி?"

பிறந்தநாள் என்று நான் விளக்கத் தொடங்குவதற்குள் ஜன்னலுக்கு உள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"இன்னும் ஆவல. உள்ள வா."

எதிர்வீட்டுக்காரருக்குப் பின்னால் டீக்கடைக்காரரும் அவர் மனைவியும் இன்னொரு மாலையோடு நின்றார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூங்கிலை அவளே பிடுங்கத் தொடங்கினாள். பிள்ளைகளுக்குத் தீவைக் கலைப்பதும் விளையாட்டாகிவிட்டது. ஆளுக்கொரு மட்டையை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேக் சாப்பிட்டுப் போனார்கள். அந்த மாலைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால், மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்தேன்.

சாயங்காலம் மாமனாருக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். மன்னிப்பை மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"எத்தினி பேரு வந்தாங்க மாப்ள?"

"பதினாலு பசங்க மாமா."

"அவங்கள கேக்கல."

மாலையோடு வந்தவர்கள் மூன்று பேர் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம இல்லயா மாமா, பாதிப் பேருக்குக் கம்பெனில ஓ.டி. இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஆமாமா," என்றார். "ஓ.டி.தான் இருந்திருக்கும்."

மாத்திரையை விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.