கெண்டித் தண்ணீர்

கள்ளக்குறிச்சி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சர்புதீனுக்கு மூக்கில் தண்ணீர் ஏறினால் செத்துவிடுவோம் என்ற பயம். ஒன்பது வயதில் கிணற்றில் விழுந்து, மூக்கு வாயெல்லாம் தண்ணீர் ஏறி, தலைமயிரைப் பிடித்து மேலே இழுக்கப்பட்டவர். அதிலிருந்து தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூச் செய்யும்போது, மூக்குக்குள் தண்ணீர் விடவேண்டிய இடத்தில் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இருபத்தைந்து வருஷத் திருட்டு இது. அல்லாவுக்கும் தெரியும், மனைவி ஜெபீனாவுக்கும் தெரியும்.

அவருக்கோ பொல்லாத சைனஸ். உள்ளே சளி கட்டி மூச்சே நாறியது. துணி வாங்க வந்தவர்கள் ஓரடி பின்வாங்கியதை அவர் பொறுத்துக்கொண்டார். ஜெபீனா முந்தானையால் மூக்கை மூடியதைத்தான் பொறுக்க முடியவில்லை. உப்புத் தண்ணீரை மூக்கு நீண்ட கெண்டியில் எடுத்து, ஒரு துவாரத்தில் ஊற்றி மறு துவாரத்தில் வெளியே விடச் சொன்னார் கம்பவுண்டர் நாராயணசாமி. ஜெபீனா ஆசையாக வாங்கிவந்த பித்தளைக் கெண்டி ஆறு மாதம் அலமாரியிலேயே கிடந்தது. ஒருநாள் சாயங்காலம் தியாகதுருகத்திலிருந்த அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

“மூக்க கழுவிக்கினு வந்து கூப்புடுங்க. அதுவரிக்கும் வராதீங்க.”

அன்று ராத்திரியே மறியல் தொடங்கிவிட்டது. எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு ஊரூராக மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. துப்பாக்கிச் சூடு என்றார்கள், பஸ்ஸைக் கொளுத்திவிட்டார்கள் என்றார்கள். ஜெபீனா ஏறிய பஸ் ஊர் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல ஆளில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு.

மூன்றாம் நாள் காலை கெண்டியை எடுத்தார். ஒளூவுக்கு எடுக்கிற பச்சைத் தண்ணீரையே அப்படியே மூக்கில் ஊற்றினார், புத்திகெட்ட மனுஷன். நெற்றிவரை சுரீரென்று எரிந்தது. கிணற்றின் இருட்டு கண்ணுக்குள் வந்தது. நாராயணசாமி வீட்டுக்கு ஓடினார்.

“பச்சத் தண்ணியையா வுட்டீங்க பாய்? கொதிக்க வெச்சு வெதுவெதுன்னு ஆறட்டும். உப்பு போடுங்க. வாயத் தொறந்து மூச்சு வுட்டுக்கினே ஊத்துங்க. வாய மூடுனாதான் முழுவுறாப்புல இருக்கும்.”

அதேபோல் வாயைத் திறந்துகொண்டு, ஜெபீனாவை நினைத்துக்கொண்டு ஊற்றினார். மறுபக்கம் தண்ணீர் ஒழுகியதும்தான் உயிரோடிருப்பது தெரிந்தது. வெயில் சாயும்வரை காத்திராமல் கெண்டியைப் பையில் போட்டுக்கொண்டு தியாகதுருகத்துக்கு நடந்தார்.

விழுந்துகிடந்த புளியமரத்தடியில் நாலைந்து பேர் மறித்தார்கள்.

“பையில இன்னா?”

“கெண்டிங்க. மூக்கு கழுவ.”

திறந்து பார்த்துச் சிரித்தார்கள். கிளை வழியே ஏறிப் போகச் சொன்னார்கள். தியாகதுருகம் வரும்வரை முதுகு வேர்த்துக்கொண்டே இருந்தது.

வாசலில் ஜெபீனா நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றக் குனிந்தவரின் மூக்கிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“அழுவுறீங்களா?”

“இல்ல. உள்ள தங்குன தண்ணி.”

அவள் கிட்டே வந்தாள். பழக்கத்தில் முந்தானைக்குப் போன கை பாதியில் நின்றது.

“நெஜமாவே மூக்குல வுட்டீங்களா? பயமா இல்லியா?”

“இருந்திச்சு. நீ வந்து சேந்தியா இல்லியான்னு கெடந்த பயத்துக்கு அது கம்மி.”

ஜெபீனா தன் பையை எடுத்துவர உள்ளே போனாள்.